பழுப்பான புல்வெளி செத்துப்போனதா? அமெரிக்காவில் ஓர் அருகம்புல் கதை!

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லை அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கி, வீட்டு முன்னால் வளர்க்கிறார்கள் தெரியுமா? அங்கே அதன் பெயர் பெர்முடா புல். பெயர்தான் வேறு, செடி அதேதான்!

வெர்ஜீனியா, கென்டக்கி, மிசூரி, கன்சாஸ் போன்ற மாநிலங்களில் புல்வெளி வைப்பவர்களுக்கு இரட்டைத் தலைவலி. கோடை வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தொடும். குளிர்காலத்தில் உறைபனி கொட்டும். குளிர் தாங்கும் கென்டக்கி ப்ளூகிராஸ் கோடையில் வாடும். வெயில் தாங்கும் பெர்முடா, முதல் உறைபனியிலேயே பழுப்பாகிவிடும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். புல் செத்துவிட்டதென்று தோண்டி எறிந்து, மறுபடியும் செலவு செய்கிறார்கள். உண்மையில் அது தூங்குகிறது. இலை காய்ந்தாலும் அடித்தண்டும் வேரும் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் மண் சூடேறியதும் மீண்டும் துளிர்க்கும்.

எந்தப் புல், எந்த இடத்துக்கு?

பெர்முடா: நாள் முழுக்க வெயில் விழும் இடத்துக்கு ஏற்றது. பிள்ளைகள் ஓடி விளையாடினாலும் சீக்கிரம் தேறிவிடும். நிழல் மட்டும் ஆகாது.

ஸோய்சியா: ஓரளவு நிழலைத் தாங்கும். குளிரையும் நன்றாகவே சமாளிக்கும். ஆனால், மெதுவாகத்தான் பரவும். சிறு துண்டுகளாக நட்டால் தரை மூட 2, 3 வருடங்கள்கூட ஆகலாம். பிரபலமான 'மேயர்' ரகத்துக்கு, கொரியாவில் விதை சேகரித்த தாவர ஆய்வாளர் ஃபிராங்க் மேயரின் பெயர்தான்.

பஃபலோ புல்: அமெரிக்கச் சமவெளியின் சொந்தப் புல். தண்ணீர் மிகக் குறைவாகப் போதும். அதிகம் மிதிபட்டால் தாங்காது.

கவனிக்க வேண்டியவை

* உரம் போடும் காலம் கோடைதான். இலையுதிர் காலத்தின் கடைசியில் நைட்ரஜன் உரம் போட்டால் இளம் துளிர் கிளம்பி, குளிரில் கருகும்.

* குளிர்காலத்திலும் பச்சை வேண்டுமென்றால், இலையுதிர் காலத்தில் ரைகிராஸ் விதையை மேலே தூவலாம். ஆனால், வசந்தத்தில் அது பெர்முடாவோடு போட்டி போடும்.

* சந்தேகம் இருந்தால் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக நின்று, அடித்தண்டு வெள்ளையாக, உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கையோடு வந்து, அடி அழுகியிருந்தால் போய்விட்டது.

சில மாதப் பழுப்பைப் பொறுத்துக்கொண்டால், கொளுத்தும் கோடையில் குறைந்த தண்ணீரிலேயே வாசல் பச்சையாக இருக்கும். மண்வெட்டியை எடுக்கும் முன், வசந்தம் வரை காத்திருப்பது பர்ஸுக்கும் நல்லது!