ஆறு மாசமாச்சு... கை எலும்பு இன்னும் கூடலையா?

கால் உடைந்தால் வீடே அமர்க்களப்படும். ஆட்டோ பறக்கும், பணம் புரட்டுவார்கள். அதுவே தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேல்கை உடைந்தால்? 'கைதானே, தூளி கட்டி மாட்டிக்கிட்டா சரியாயிடும்!' இடது கை, அதுவும் வீட்டுப் பெண்களுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். வலது கையால் தோசை வார்த்தபடியே ஒரு வருஷம்கூட ஓட்டிவிடுகிறார்கள். நடமாடுகிறவரை யார் நோயாளியாக நினைக்கிறோம்?

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல்கை எலும்பு ரொம்ப சாது. நடுத்தண்டில் உடைந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கூடிவிடும். தோளையும் முழங்கையையும் அசையவிட்டு, நடுவில் மட்டும் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையை டாக்டர் சார்மியன்டோ 1977-ல் எழுதிப் பிரபலமாக்கினார். இன்றும் அதற்கு மவுசு உண்டு. வடபழனியில் ஆரம்பித்து சென்னை முழுக்க போர்டு தொங்குகிறதே புத்தூர் கட்டு, அது நல்ல பெயர் வாங்கியதற்கும் இது ஒரு காரணம். தானாகக் கூடுகிற எலும்பு எந்தக் கட்டுக்கும் பெருமை சேர்க்கும்!

தகராறு, கூடாத எலும்பில்தான். ஆறு மாதமாகியும் எக்ஸ்ரேயில் இடைவெளி அப்படியே தெரிந்தால், முனைகளுக்கு நடுவே எலும்புக்குப் பதில் நார் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், வலி குறைந்துவிடும். 'வலியே இல்லையே, கூடியிருக்கும்' என்று நம்மை ஏமாற்றுவது இதுதான். கையைத் தூக்கினால் தோளில் தூக்காமல் நடுவில் வளையும். அதன் மேல் இன்னொரு கட்டு போட்டுக் காத்திருந்தால் தோளும் முழங்கையும் இறுகிப்போவதுதான் மிச்சம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? நாரைச் சுரண்டி எடுத்து, எலும்பு முனைகளில் ரத்தம் கசியும்வரை சீவிவிடுகிறார்கள். பிறகு இரண்டையும் நெருக்கி, நீளமான தகடு வைத்து இரு பக்கமும் ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் உரம் மாதிரி வைப்பதும் உண்டு. கை இரண்டு சென்டிமீட்டர் குட்டையானாலும் பெரிய நஷ்டமில்லை. இதே காரியம் காலில் செய்தால் நொண்ட வேண்டியிருக்கும்! பெரும்பாலானவர்களுக்கு எலும்பு கூடிவிடுகிறது. வயதாகி எலும்பு மெலிந்தவர்களுக்குத்தான் ஸ்க்ரூ பிடிக்காமல் தொல்லை. அதற்கும் பிரத்தியேகத் தகடு வந்துவிட்டது.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். மேல்கை எலும்பை ஒட்டியே ரேடியல் நரம்பு சுற்றிப் போகிறது. அது அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். அநேகமாகச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றாலும், 'டாக்டர், அந்த நரம்பு எப்படி இருக்கு?' என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் கட்டுக்காரர் தலையில் போடவும் மாட்டேன். ஆஸ்பத்திரியில் தகடு போட்டும் கூடாமல் போவதுண்டு. ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். சீழ் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் மறு தகடு. சர்க்கரை, சிகரெட், விட்டமின் டி குறைவு... இவையும் எலும்புக்குச் சத்துருக்கள். வீட்டுக்காரர் பால்கனியில் நின்று ஊதுவதை நிறுத்தாமல் டாக்டரைத் திட்டிப் புண்ணியமில்லை.

விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசு 2021 டிசம்பரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால், கூடாத எலும்பு 48 மணியில் காட்டிக்கொடுக்குமா? ஆறாம் மாதம் தெரிகிற வியாதி ஆயிற்றே! ஆகவே, மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, போடுகிறவர் ஒரு சீட்டில் இரண்டு தேதி எழுதித் தர வேண்டும் என்பேன். ஒன்று, அடுத்த எக்ஸ்ரே எப்போது? இன்னொன்று, எந்தத் தேதிவரை பார்த்துவிட்டு ஆபரேஷன் பற்றிப் பேசுவது? எழுதித் தராவிட்டால் நீங்களே கேட்டு காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் ஒட்டும் அறிகுறியே இல்லை என்றால் அப்போதே வேறொரு எலும்பு டாக்டரிடம் காட்டலாம். போகும்போது முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.