யூரியா: இன்று தட்டுப்பாடு, நாளை தேக்கம்

கேள்வி: சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரத்தில் யூரியா இல்லை என்கிறார்கள். இருபது நாள் கழித்துப் போனால் கிடங்கு நிறைய மூட்டை கிடக்கிறது. ஏன் இப்படி?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: தேவை கூடிவிட்டது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் தேவை கூடுவதில்லை; கேட்பதுதான் கூடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு 100 மூட்டை தேவை. ரயிலில் வரவேண்டிய உரம் பத்து நாள் தாமதமாகிறது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 'கிடைக்கும்போதே வாங்கி வைப்போம்' என்று ஆளுக்கு இரட்டிப்பாகக் கேட்கிறார்கள், 200 ஆகிவிட்டது. கடைக்காரர் கையிருப்புக்கும் சேர்த்து 250 கேட்கிறார். மொத்த வியாபாரி 300 கேட்கிறார். வயலோ ஒரு குழிகூடக் கூடவில்லை.

அந்த 300 மூட்டை வரும்போது மேலுரத் தவணை முடிந்திருக்கும். சரக்கு தேங்கியதைப் பார்த்து அடுத்த முறை கடைக்காரர் குறைத்துக் கேட்பார். கதிர் உருவாகும் பருவத்தில் மறுபடியும் தட்டுப்பாடு.

கைரேகை வைத்து வாங்கும் கருவியில் விற்பனைதான் பதிவாகும். மூட்டை வயலுக்குப் போனதா, வீட்டு மூலையில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அப்படி வைத்திருக்கும் யூரியா ஈரம் இழுத்துக் கட்டிதட்டும். 'வீணாகுமே' என்று கூடுதலாகப் போட்டால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அதிகரிக்கும், பயிரும் சாயும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

1. நடவு தேதி, ரகம், பரப்பு மூன்றையும் சங்கச் செயலாளரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்போதுதான் எந்த வாரம் எத்தனை மூட்டை தேவை என்பது மேலே போகும்.

2. உரம் எப்போது கேட்கப்பட்டது, எப்போது வரும் என்பதைச் சங்கத்துப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். தேதி தெரிந்தால் பதற்றம் குறையும்.

3. தவணைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வாங்குங்கள். மத்திய, நீண்டகால ரகங்களுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ. நான்காகப் பிரித்தால் தவணைக்கு 15 கிலோ. யூரியாவாகச் சுமார் 33 கிலோ. 45 கிலோ மூட்டையில் முக்கால்தான். டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன் அளவே சரி.

நான்கு ஏக்கர் என்றால் ஒரு தவணைக்கு மூன்று மூட்டை போதும். ஆறு கேட்டால், அந்த மூன்று மூட்டை பக்கத்து வயலுக்குப் போகவேண்டியது.