முதியோரும் அண்மை ஊழியமும்

மிஷனெரி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் தோன்றுபவர் கப்பலேறி வந்த வெள்ளையர் ஒருவர். அன்றேல் புகைவண்டியேறி வடநாடு சென்ற இளைஞர் ஒருவர். இவ்விரு தோற்றத்திற்கும் தக்க காரணம் உண்டு. 1903-ஆம் ஆண்டிலே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் திரட்டி இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினர். அப்பணியில் முன்னின்ற அசரியா அவர்கள் 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். இப்பெருமையைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று. ஆயின், தொலைவே ஊழியத்தின் அளவுகோல் என்னும் ஓர் எண்ணமும் அப்பெருமையோடு சேர்ந்து நம்மிடையே வேரூன்றிவிட்டது. எமது வழக்கெல்லாம் அவ்வெண்ணத்தோடுதான்.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு பெறும் வயது 2021 முதல் 60. நம் சேகரங்கள்தோறும் இவ்வயதைக் கடந்த ஆசிரியத் தம்பதிகள், செவிலியர், எழுத்தர் பலர் உளர். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கின்றனர். காலையில் ஜெபம், மாலையில் நடை, இடையிலே நாளிதழ் என்று பொழுது கழிகின்றது. அவர்கள் வீட்டுக்கு ஒரு மைலுக்குள்ளாகவே வாரத் தவணைக்கு அஞ்சி விளக்கணைத்துப் படுக்கும் குடும்பங்களும் உள்ளன. 2003 முதல் அரசே சில்லறையாக மது விற்கும் நாட்டிலே, கூலியில் பாதியைக் கடையில் வைத்துவிட்டு வீடு திரும்பும் தகப்பனும், பள்ளியை விட்டு நின்ற மகனும் எந்தத் தெருவில்தான் இல்லை? இவ்விரு சாராரையும் ஒரு திண்ணையில் உட்காரவைத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

இது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியனார் கற்பியலிலே, இன்பநுகர்ச்சி முதிர்ந்த பிற்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் அறத்தை விரும்பும் சுற்றத்தோடும் கூடி மேலானதொன்றைப் பயிலுதலே அதுவரை வாழ்ந்த வாழ்க்கையின் பயன் என்று கூறியுள்ளார். அதனைத் துறவாகக் கொள்வாரும் உளர். யாம் நோக்குவது வேறு: அவ்வாசிரியர் அக்கடமையைத் தலைவன் ஒருவனுக்கு மட்டும் உரைத்திலர், இருவரையும் ஒருங்கே வைத்து உரைத்தார். துன்புறும் குடும்பத்தினிடம் செல்வோர்க்கு இஃது இன்றியமையாதது. கடன் எவ்வளவு என்பது அடுக்களையில் அம்மாளிடந்தான் வெளிப்படும். குடியை விட முடியவில்லை என்பதை ஓர் ஆண்மகன் மற்றோர் ஆண்மகனிடம் வேப்பமரத்தடியில்தான் சொல்லுவான். தனித்துச் செல்லும் ஊழியர்க்கு இவ்விரண்டில் ஒன்று அடைபட்டே இருக்கும்.

கால்டுவெல் அத்தியட்சர் பெயரை அறியாத தமிழ் மாணவர் இரார். 1856-இல் அவர் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை யாமும் பாடமாகப் படிக்கின்றோம். அவர்தம் மனைவியார் எலைசா அம்மையாரைப் பற்றிப் படிப்பார் சிலரே. அவ்வம்மையார் நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் மகளார். இளமை முதலே தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-இல் மணந்து இடையன்குடிக்கு வந்தார். நாகர்கோவிலுக்கும் இடையன்குடிக்கும் இடையிலே கடலில்லை. பனையும் தேரி மணலுமே உள்ளன. தம் அன்னையார் நாகர்கோவிலில் ஏழைப் பெண்களுக்குக் கற்பித்த பின்னல் வேலையை இவர் பனையேறிகளின் பெண்மக்களுக்குக் கற்பித்தார், பெண்கல்விக்கும் உழைத்தார். கணவர் அயலவர், மனைவியோ அந்நிலத்தின் பேச்சும் வெயிலும் அறிந்தவர். 1883-இல் தூத்துக்குடிக்குப் பெயரும் வரையில், தலை நரைத்த பின்னரும், அவ்விருவரும் அவ்வூரை விட்டாரல்லர். அம்மையாரின் பயன் அவர் கடந்து வந்த தொலைவினால் விளைந்ததன்று என்பதை யாம் வற்புறுத்த வேண்டுவதில்லை.

அண்மையிலே ஊழியம் செய்தல் எளிதென்று எண்ணற்க. அதுவே கடினமானது. பீகாரில் ஒரு குடிலிலே தண்ணீர் வாங்கிக் குடித்ததை மகிழ்ந்து சாட்சி கூறும் பெரியோர், தம் ஊர்க் கீழைத்தெருவில் ஒரு குவளை காப்பி அருந்தியதுண்டா? தொலைவூரில் எவர் எக்குலம் என்பது நமக்குத் தெரியாது. ஆதலால் அன்பு எளிதாகின்றது. நம் ஊரிலோ எல்லாம் தெரியும். கல்லறைத் தோட்டத்தையும் பிரித்து வைத்த சபைகள் நம்மிடையே உண்டு. அடுத்த தெருவிற்குச் செல்லும் தம்பதிகளை உறவினர் கேட்கும் கேள்விகள் வடநாட்டு மிஷனெரியைக் கேட்கப்படாதவை. அக்கேள்விகளுக்கு அஞ்சியே நாம் காணிக்கையை அஞ்சலில் அனுப்பிவிட்டு அமைதி அடைகின்றோமோ என்று யாம் ஐயுறுகின்றோம்.

மற்றொரு தடையும் உண்டு. தெரிந்தவர் வீட்டு வாசலில் வந்து நின்றால் தன் வறுமை ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அக்குடும்பம் கூசும். இது நியாயமான அச்சம். அடுத்த வீட்டாரை அனுப்பாது அடுத்த சேகரத்தாரை அனுப்பினால் இது பெரும்பாலும் நீங்கும். பேருந்தில் அரைமணி நேரப் பயணம், இரவு தம் வீட்டிலே உறக்கம். செல்வோர் அங்குக் கேட்டதைத் தம் குருவானவரிடத்தும் சொல்லலாகாது. பணம் கடனாகக் கொடுக்கலாகாது. கொடுத்த அன்றே நட்பு முறிந்துவிடும். ஆராதனைக்கு வருவதை உதவிக்கு விலையாக வைக்கலாகாது. அக்குடும்பம் எம்மதத்ததாயினும் ஆகுக. வரவுசெலவுக் கணக்கை உடனிருந்து எழுதுதல், ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க உடன்செல்லுதல், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுதல், பள்ளியை விட்ட பையனை மீண்டும் தலைமையாசிரியர் முன் நிறுத்துதல் ஆகிய இவையே வேலை. அறிவுரை கேட்கப்பட்டால் மட்டும் கூறுக. (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களை எண்ணியே இதனை எழுதுகின்றோம், அவர்கள் குரலைச் சற்றே வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுதல் நலம்.)

பத்தொன்பது வயதினர் முதியோர்க்கு வேலை வகுப்பதோ என்று நகைப்பார் இருக்கலாம். நகைக்கட்டும். எம்மவரிடம் கால் உண்டு, கைப்பேசி உண்டு. மனுவை இணையத்தில் பதிவு செய்து தரவும், முழங்கால் வலிக்கும் அம்மாளுக்குப் பேருந்தில் இடம்பிடித்துத் தரவும் எம்மால் இயலும். ஒரு தம்பதிக்கு இரண்டே குடும்பம், வாரம் ஒருநாள், ஓராண்டு என்று தொடங்கலாம். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் ஓய்வு பெற்றோர் பலர் உளர். இசைவார் உளராயின் தமிழ்த்துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக. தம் துணைவியாரைக் கலந்து, இருவர் கையொப்பமும் இட்டு எழுதுக.