ஸ்கேனில் தெரியாவிட்டால் நோய் இல்லையா?

பாடி, அம்பத்தூர் பக்கம் பட்டறையில் வேலை பார்ப்பவருக்குச் சிறுநீரகக் கல் வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி நிறைய குடிங்க, வாழைத்தண்டு சாப்பிடுங்க." தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ஆனால் கல் மறுபடி மறுபடி வந்து, கூடவே எலும்பு வலியும் அசதியும் இருந்தால்? இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும். அது கூடியிருந்து, பாராதைராய்டு ஹார்மோனும் குறையாமல் இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கழுத்தில்தான் இருக்கும்!

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அவற்றில் ஒன்றுதான் கெட்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் நோய் தீரும். கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் என்பவருக்கு 1926 முதல் ஆறு முறை அறுவை செய்தும் அது அகப்படவில்லை. 1932-இல் ஏழாவது முறை மார்புக்கூட்டைத் திறந்தபோதுதான் உள்ளே ஒளிந்திருந்தது தெரிந்தது. ஆனால் சிறுநீரகக் கல்லின் தொல்லையால் சில வாரங்களிலேயே அவர் இறந்துபோனார்.

இன்று அப்படித் தடவித் தேட வேண்டியதில்லை. கதிர்வீச்சு இல்லாத, செலவு குறைந்த அல்ட்ராசவுண்ட் முதலில். அதனால் மார்புக்குள் பார்க்க முடியாது. அடுத்தது செஸ்டமிபி ஸ்கேன். ஊசி வழியே ஏற்றும் டெக்னீசியம் கலந்த மருந்து தைராய்டிலிருந்து சீக்கிரம் வடிந்துவிடும், கெட்ட சுரப்பியில் தங்கி நிற்கும். அதனால் சிறிது நேரம் கழித்து மறுபடி படம் எடுக்கிறார்கள். இவற்றிலும் சிக்காததை, சாயம் ஏறி இறங்கும் வேகத்தைப் பார்க்கும் 4டி சிடி ஸ்கேனும், கோலின் பெட் ஸ்கேனும் பல நேரங்களில் காட்டிவிடுகின்றன.

இவ்வளவு இருந்தும் ஒரு தவறான எண்ணம் பலரிடம் உண்டு. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அப்படியானால் நோயும் இல்லை" என்று நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். இது ஆபத்து! நோய் இருக்கிறதா என்று சொல்வது இரத்தப் பரிசோதனை. எங்கே இருக்கிறது என்று சொல்வது மட்டுமே ஸ்கேனின் வேலை. சுரப்பி சிறியதாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் கெட்டிருந்தாலோ படத்தில் தப்பிவிடும். தைராய்டுக் கட்டியே பாராதைராய்டு போல ஏமாற்றுவதும் உண்டு.

இரண்டு ஸ்கேன்கள் ஒரே இடத்தைக் காட்டினால் சிறு கீறல் போதும். எடுத்த பிறகு சில நிமிடங்களிலேயே ஹார்மோன் அளவு சரிந்தால் வெற்றி உறுதி. எதுவும் காட்டாவிட்டால், நான்கு சுரப்பிகளையும் தேடிப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை தூரத்தில் இல்லை. பாடியிலிருந்து பஸ் ஏறினால் சென்ட்ரல் எதிரே சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

வரைபடம் இல்லாவிட்டால் ஊரே இல்லை என்று ஆகிவிடுமா? பெரிய ஸ்கேனுக்குக் கடன் வாங்கும் முன், கல் திரும்பத் திரும்ப வருகிற ஒவ்வொருவரும் முதலில் கால்சியம் பரிசோதனை செய்துகொள்ளட்டும். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் முதல் படி அதுதான்.