சந்தா நம்முடையது, உத்தியோகம் யாருக்கு?

ஐரோப்பாவில் ஜெனீவா நகருக்கு அருகே, பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள யந்திரம் ஒன்று இருக்கிறது. அணுவுக்குள்ளிருக்கும் துகள்களை மோதவிட்டு, பொருள்கள் எதனால் ஆனவை என்று ஆராய்வதே அதன் வேலை. அதை நடத்தும் செர்ன் என்னும் ஸ்தாபனத்தில் நம் நாடு 2017 ஜனவரி முதல் இணை அங்கத்தினர். வருஷா வருஷம் சந்தா கட்டுகிறோம்.

சந்தா யார் பணம்? சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன் சோப்பு வாங்கும்போது கொடுக்கிற வரியும் அதில் சேர்ந்ததுதானே!

பதிலுக்குக் கிடைப்பதென்ன? நம்மவர் அங்கு உத்தியோகத்துக்கு மனுப் போடலாம். நம் கம்பெனிகள் ஒப்பந்தம் கேட்கலாம்.

அங்கே 2004-ல் நம் சர்க்கார் கொடுத்த நடராஜர் சிலை ஒன்று நிற்கிறது. அதைக் காட்டி, "எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்ததுதான்" என்று பெருமை பேசுவோர் உண்டு. ஆனால், தோழர்களே! யந்திரத்தின் காந்தங்களை மயிரிழை பிசகாமல் தாங்கி நிற்பது அச்சிலையா? இந்தியத் தொழிலாளர் செய்தனுப்பிய ஆயிரக்கணக்கான ஜாக்கிகள் அல்லவா? தறியில் நூல் அறுந்தால் சாமியா வந்து முடிச்சுப் போடுகிறது?

ஆகவே, நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பணம் கட்டித் திறந்த வாசலில் நுழையப் போவது யார்? பட்டணத்துப் பணக்காரர் பிள்ளைகள் மட்டுந்தானா? ஆடித்தபசுக்கு வசூல் கொடுக்கிற அன்பர்கள், ஒரு நாள் தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய், விஞ்ஞானச் சோதனை அறை உண்டா, அதன் பூட்டுத் திறக்கப்படுகிறதா என்று பார்க்கட்டும். அந்தப் பூட்டுத் திறக்காதவரை ஜெனீவாவின் கதவு நமக்குத் திறந்தும் பிரயோஜனமில்லை.