வாசலில் எது, உள்ளறையில் எது?

புதுக்கோட்டை நகருக்கு முதல்முறை வருகிறவர்கூட அதிகம் திண்டாட வேண்டியதில்லை. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அவற்றை ஒட்டி 2ஆம் வீதி, 3ஆம் வீதி, 4ஆம் வீதி. முகவரியைச் சொன்னாலே எந்தத் திசை, எத்தனையாவது வரிசை என்பது புரிந்துவிடும். 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரிக்கு இந்த ஒழுங்கில் பெரும் பங்கு உண்டு.

அதே ஊரில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். 'ப்ராஜெக்ட்', 'ப்ராஜெக்ட் நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று ஃபோல்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வீட்டில் மற்றவர்களின் ஃபோன் மட்டும் என்ன வாழ்கிறது என்கிறீர்களா? அதுவும் சரிதான். ஆனால் ஃபோனில் குழப்பம் என்றால் ஒரு போட்டோவைத் தேட பத்து நிமிஷம் வீணாகும், அவ்வளவுதான். இணையதளத்தில் அதே குழப்பம் இருந்தால், கடைக்கு வந்த வாடிக்கையாளர்களின் பெயர், ஃபோன் நம்பர், முகவரி எல்லாம் முன்பின் தெரியாத ஆள் கைக்குப் போய்விடும்.

அது எப்படி என்பதுதான் இந்த வாரப் பாடம்.

பிஎச்பி என்கிற பழைய நண்பன்

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன்னுடைய சொந்த இணையப் பக்கத்துக்காக 1994ல் எழுத ஆரம்பித்த சின்னச் சின்ன நிரல்கள்தான் பிஎச்பி. 1995ல் அதை எல்லோருக்கும் கொடுத்தார். விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி, லட்சக்கணக்கான தளங்களைத் தாங்கும் வேர்டுபிரஸ் இரண்டும் பிஎச்பியில் எழுதப்பட்டவை. ஃபேஸ்புக்கும் 2004ல் இதில்தான் பிறந்தது.

சின்ன ஊர் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் தளம் செய்து தரும் இளைஞர்கள் பலர் இன்றும் பிஎச்பியைத்தான் எடுக்கிறார்கள். காரணம் எளிது. படிக்க சுலபம், குறைந்த செலவில் ஹோஸ்டிங் கிடைக்கும்.

பழைய முறையில் எல்லாக் கோப்புகளும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். பக்கத்தைக் காட்டும் கோப்பு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கோப்பு, படங்கள் எல்லாம் ஒன்றாக. பத்து கோப்பு வரை சமாளிக்கலாம். நூறு ஆனால் எழுதியவருக்கே வழி தெரியாது.

இந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்தவைதான் பிரேம்வொர்க்குகள். 2005ல் சிம்ஃபொனி, 2006ல் கோட்இக்னைட்டர், 2011ல் லாராவெல். ஒவ்வொரு பொருளுக்கும் இடம் ஒதுக்கிய வீட்டை, சுவர் எழுப்பிக் கையில் தருவது மாதிரி. குடிபோகிறவர் சாமான்களை சரியான அறையில் வைத்தால் போதும்.

செட்டிநாட்டு வீடும் லாராவெலும்

திருமயம் பக்கம் கடியாபட்டி, ராயவரம் போன்ற ஊர்களில் உள்ள பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முன்னால் முகப்பு. வருகிறவர்கள் அங்கே உட்காரலாம், பேசலாம். அதைத் தாண்டினால் வளவு, சுற்றிலும் அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி. நகையும் பத்திரமும் உள்ளறைப் பெட்டியில் இருக்குமே தவிர, முகப்பில் இருக்காது.

லாராவெல் அமைப்பும் இப்படித்தான்.

'பப்ளிக்' என்ற ஃபோல்டர்தான் முகப்பு. வெளியுலகம் பார்க்க வேண்டிய படங்கள், வடிவமைப்புக் கோப்புகள், பிறகு 'இண்டெக்ஸ்' என்ற ஒரே ஒரு பிஎச்பி கோப்பு. வருகிற எல்லா விண்ணப்பங்களும் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

'ஆப்' என்பது வளவு. தளத்தின் மூளை இங்கே இருக்கிறது. 'ரூட்ஸ்' என்பது எந்த முகவரி கேட்டால் எந்த வேலை நடக்க வேண்டும் என்ற பட்டியல். 'ரிசோர்சஸ்' ஃபோல்டருக்குள் பக்கங்களின் தோற்றம். 'டேட்டாபேஸ்' ஃபோல்டரில் அட்டவணைகளை உருவாக்கும் குறிப்புகள். 'கான்ஃபிக்'கில் அமைப்புகள். 'ஸ்டோரேஜ்' என்பது தளம் தானே எழுதிவைக்கும் பதிவுகளுக்கான இடம். 'வெண்டார்' என்பது மற்றவர்கள் எழுதிக்கொடுத்த உதவி நிரல்கள் வந்து இறங்கும் கிடங்கு.

இவை எதற்குள்ளும் சேராமல், பெயர் முன்னால் ஒரு புள்ளியுடன் 'என்வ்' என்று ஒரு கோப்பு இருக்கும். இதுதான் இரும்புப் பெட்டிச் சாவி. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு, பணம் வாங்கும் சேவையின் ரகசிய எண் எல்லாம் இதில்தான் எழுதப்படும்.

2020ல் வந்த கோட்இக்னைட்டர் 4லும் இதே யோசனைதான். ஆப், பப்ளிக், ரைட்டபிள் என்று பிரித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய 3ஆம் பதிப்பில் வாசல் கோப்பும் உள்ளறை ஃபோல்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

எங்கே தவறு நடக்கிறது?

லேப்டாப்பில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஹோஸ்டிங் வாங்கியாயிற்று. அங்கே 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அவசரத்தில் பையன் என்ன செய்கிறான்? மொத்த ப்ராஜெக்ட்டையும் தூக்கி அதற்குள் போட்டுவிடுகிறான். தளம் திறக்கவில்லை என்றதும், வாசல் கோப்பை மட்டும் வெளியே எடுத்து வைத்து ஒருவழியாக ஓட்டிவிடுகிறான். கடைக்காரர் பார்க்கிறார், அழகாக இருக்கிறது, பணம் கொடுக்கிறார்.

ஆனால் நடந்தது என்ன? வீட்டின் பின்கட்டையே பெயர்த்து எடுத்து நடுத்தெருவில் வைத்தாயிற்று. முகவரியைச் சரியாக டைப் செய்யத் தெரிந்த யாரும் சாவிக் கோப்பைத் திறந்து படிக்கலாம்.

இதையெல்லாம் யார் தேடப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தேடுவது மனிதர் இல்லை, தானியங்கி நிரல்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. 'ஆண்ட்ராக்ஸ்கோஸ்ட்' என்ற தீய நிரல், லாராவெல் தளங்களைத் தேடித்தேடி, வெளியே கிடக்கும் என்வ் கோப்பிலிருந்து பாஸ்வேர்டுகளைத் திருடுகிறது என்பதுதான் அதன் சாரம்.

அதே எச்சரிக்கையில் இன்னொரு சங்கதியும் இருந்தது. பிஎச்பி யூனிட் என்ற சோதனைக் கருவியின் பழைய பதிப்புகளில் ஓர் ஓட்டை உண்டு. வெண்டார் ஃபோல்டர் வெளியே தெரிந்தால், அந்த ஓட்டை வழியாகத் திருடர் தன் நிரலையே அந்த சர்வரில் ஓட்டிவிடலாம். 2017ல் பதிவான ஓட்டை இது. திருத்தம் வந்து வருஷங்கள் ஆன பிறகும் கதவு திறந்தே கிடந்த தளங்கள் இருந்தன. வெண்டார் உள்ளறையில் இருந்திருந்தால், வெளியிலிருந்து இந்த ஓட்டையைத் தொடவே முடியாது.

சட்டமும் சும்மா இல்லை. 2023ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. ஜவுளிக்கடைக்கு அவ்வளவு போடமாட்டார்கள்தான். ஆனாலும் 'எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது' என்ற பதில் செல்லாது.

சரியாக வைப்பது எப்படி?

முதல் வழி: ஹோஸ்டிங் அமைப்பில், தளத்தின் முகவரி நேராக லாராவெலின் பப்ளிக் ஃபோல்டரைப் பார்க்கும்படி மாற்றிவிடுவது. இதுவே சிறந்தது.

அதற்கு வசதி இல்லையா? மொத்த ப்ராஜெக்ட்டையும் 'பப்ளிக் எச்டிஎம்எல்'லுக்கு ஒரு படி மேலே, தனி ஃபோல்டரில் வையுங்கள். பப்ளிக் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் உள்ளே போடுங்கள். பிறகு இண்டெக்ஸ் கோப்பில் வெண்டார், பூட்ஸ்ட்ராப் ஃபோல்டர்களுக்கு வழி காட்டும் வரிகளைப் புதிய இடத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

தளம் நேரலைக்கு வந்ததும் 'டீபக்' வசதியை அணைக்க வேண்டும். இல்லையென்றால், ஒரு பிழை வந்தவுடன் உள் விவரங்களைத் திரையில் கொட்டிவிடும்.

ஸ்டோரேஜில் எழுத முடியவில்லை என்று பிழை வந்தால், எல்லா ஃபோல்டருக்கும் 777 அனுமதி கொடுப்பது சிலர் வழக்கம். அது வீட்டிலுள்ள எல்லா அறைகளின் பூட்டையும் கழற்றுவதற்குச் சமம். எழுதும் அனுமதி ஸ்டோரேஜுக்கும் பூட்ஸ்ட்ராப்பின் உள்ளே உள்ள 'கேஷ்' ஃபோல்டருக்கும் இருந்தால் போதும்.

கோடுகளை கிட்ஹப்பில் போடுகிறவர்கள் என்வ் கோப்பையும் வெண்டாரையும் சேர்த்து ஏற்றக் கூடாது. பாஸ்வேர்டு இல்லாத மாதிரிக் கோப்பு ஒன்று போதும். வெண்டாரை எப்போது வேண்டுமானாலும் கம்போசர் திரும்பக் கொண்டுவந்துவிடும். 2012லிருந்து அதன் வேலையே அதுதான்.

பெயரே முகவரி

இன்னொரு பழைய தொல்லை. விண்டோஸ் லேப்டாப்பில் ஓடிய தளம், சர்வரில் ஏற்றியதும் 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் லினக்ஸோ விடாது. முதல் எழுத்து பெரிதாக இருந்தால் ஒரு கோப்பு, சிறிதாக இருந்தால் வேறு கோப்பு.

இதற்கு பிஎச்பி உலகம் 2013ல் 'பிஎஸ்ஆர் 4' என்று ஒரு விதியை ஏற்றுக்கொண்டது. ஒரு கிளாஸின் முழுப்பெயரைப் படித்தாலே அது எந்த ஃபோல்டரில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கீழ 3ஆம் வீதி என்றதும் ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்புகிறாரே, அதே கணக்குதான். பெயர் ஒன்று, ஃபோல்டர் வேறு என்றால் கம்போசராலும் கண்டுபிடிக்க முடியாது. கோப்பின் பெயரும் கிளாஸின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

'ஓல்டு', 'நியூ', 'பேக்கப்' என்ற பெயர்களில் ஜிப் கோப்புகளையும், டேட்டாபேஸின் முழு நகலையும் முகப்பு ஃபோல்டரில் விட்டுவைப்பதும் இந்த வகைதான். திருட்டு நிரல்கள் முதலில் தட்டிப்பார்க்கும் பெயர்களே இவைதான்.

கடைக்காரரே பார்க்கலாம்

இவ்வளவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தளத்தின் சொந்தக்காரர் தன் ஃபோனிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் சொந்தத் தளத்தின் முகவரியை அடித்து, அதன் பின்னால் ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி, பிறகு ஆங்கிலத்தில் இ, என், வி என்ற மூன்று சின்ன எழுத்துகள். 'பக்கம் இல்லை' அல்லது 'அனுமதி இல்லை' என்று வந்தால் நல்லது. எழுத்துகளும் எண்களுமாக ஒரு பட்டியல் வந்தாலோ, ஏதோ கோப்பு டவுன்லோடு ஆனாலோ, தளம் செய்தவரை அன்றைக்கே கூப்பிடுங்கள். இந்தச் சோதனையை அடுத்தவர் தளத்தில் செய்யாதீர்கள், அது வம்பில் முடியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கோப்பை உள்ளே நகர்த்துவதோடு வேலை முடியாது. சாவி எத்தனை நாள் தெருவில் கிடந்தது, யார் அச்செடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதிலிருந்த எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்த முறை யாராவது தளம் செய்து தருகிறேன் என்று வந்தால், கலர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளியே தெரிவது பப்ளிக் ஃபோல்டர் மட்டும்தானா? பாஸ்வேர்டு இருக்கும் கோப்பு எங்கே இருக்கிறது? நீங்கள் வேலையை விட்டுப் போனால், அடுத்து வருகிறவருக்கு இந்த ஃபோல்டர்கள் புரியுமா? நன்றாகப் படித்த பிள்ளை மூன்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும்.