ஒரு பத்திரம் குறைந்தால் ஒரு பயணம் வீண்

புல்மோட்டையிலிருந்து திருகோணமலைக் கச்சேரிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். போய் வரிசையில் நின்ற பிறகு, "இந்தப் பத்திரம் இல்லையே, இன்னொரு நாள் வாங்க" என்று திருப்பி அனுப்பினால், கடலுக்குப் போகிறவருக்கு ஒருநாள் உழைப்பும் போய்விடும். இந்த அலைச்சலை ஓர் இணையத்தளத்தால் தவிர்க்க முடியும். அதற்கு, வருபவரின் கேள்வியை முன்வைத்து அது கட்டப்பட்டிருக்க வேண்டும்.

அலுவலகத் தளங்கள் பலவற்றைத் திறந்ததும் கண்ணில் படுபவை நகரும் விழாப் படங்கள், வாழ்த்துச் செய்தி, தூரநோக்கு, பணிக்கூற்று. வந்தவர் தேடுவதோ நான்கே விடயங்கள்: என்னென்ன பத்திரங்கள் வேண்டும், கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் போவது, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது. முகப்பில் நிற்க வேண்டியவை இவையே. 2012இல் பிரித்தானிய அரசு தன் தளங்களை ஒன்றாக்கத் தொடங்கியபோது, பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தொடங்குவதையே முதல் விதியாக வைத்தது. அரிசிமலைக் கடற்கரைக்கு வருவோரை எதிர்பார்க்கும் சிறு விடுதிக்கும் இதே விதிதான்: அறை வாடகையும் வழியும் தொலைபேசி எண்ணும் முதலில்.

அடுத்தது மொழி. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் மாறி, படிவம் ஆங்கிலத்திலேயே நின்றால் அந்த உரிமை பாதிவழியில் நிற்கிறது.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கணினிக்குள் பதிவது நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அப்படியே தெரியும், தேடலில் அகப்படாது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் விளங்காது. யுனிகோடில் அடித்தால் இந்த மூன்றும் தீரும். தாளைப் படம்பிடித்துப் போடுவதும் இதே தவறுதான். போதாததற்கு டேட்டாவையும் தின்கிறது.

தளத்தை வெளியிடுமுன் ஒரு சோதனை போதும். அதைக் கட்டாத ஒருவரின் கையில் கைபேசியைக் கொடுத்து, "பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க என்ன வேண்டும் என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு வாய் திறக்காமல் அவருடைய விரலைக் கவனியுங்கள். அது எங்கே தயங்குகிறதோ, அங்கேதான் திருத்த வேண்டும்.